வகுப்பிலே கேள்வி பிறக்கட்டும்

ஜேர்மன் பாடசாலைகளில் எழுத்துப் பரீட்சைக்கு மட்டுமன்றி, வகுப்பில் வாய்திறந்து பங்குபற்றுவதற்கும் புள்ளிகள் உண்டு என்பதைப் பெற்றோர் அறிவர். அதே பிள்ளைகள் வார இறுதியில் தமிழ் வகுப்பிலும் சமய வகுப்பிலும் கைகட்டி வாய்பொத்தி இருக்கிறார்கள். ஆசிரியர் பேசுகிறார், நேரம் முடிகிறது. பிள்ளைக்கு என்ன விளங்கியது என்பது ஒருவருக்கும் தெரிவதில்லை.

மௌனந்தான் மரியாதை என்பது நமது மரபன்று. பிரச்ன உபநிடதம், பிப்பலாத முனிவரிடம் மாணவர் அறுவர் கேட்ட ஆறு கேள்விகளால் அமைந்தது. பவணந்தி முனிவரின் நன்னூலும் வினாவை ஆறாக வகுத்துள்ளது. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனை வினாவுவது அவற்றுள் அறிவினா. தெரியாத மாணவன் ஆசிரியரை வினாவுவது அறியா வினா. இவ்விரண்டும் சேர்ந்ததே பாடம்.

ஆனால் கேட்டால் மட்டும் போதாது, பொறுத்திருக்கவும் வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டது இது: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறக்குறைய ஒரு செக்கனே காத்திருந்தனர். மூன்று செக்கன் அல்லது அதற்கு மேல் பொறுத்தபோது விடைகள் நீண்டன. பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினர்.

ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் "ஏன்?" என்ற கேள்வி இரண்டொன்றாவது எழ வேண்டும். விநாயகருக்கு ஏன் யானைமுகம், கோயிலை ஏன் வலம் வருகிறோம் என்று கேட்கலாம். தமிழ்ச் சொல் வராத பிள்ளை ஜேர்மன் மொழியில் சொல்லட்டும். ஆசிரியர் தமிழை எடுத்துக் கொடுக்கலாம். தவறான விடைக்கு எவரும் சிரிக்கலாகாது.

கேட்க இடமில்லாத பிள்ளை, வளர்ந்ததும் வகுப்பையே விட்டுவிடக்கூடும். பெற்றோரும் ஆசிரியரும் இதனைச் சிந்திப்பார்களாக.