பொருள் கேட்குமுன்

நவீன ஓவியம் என்றவுடன் நம்மவர் இரண்டு வாக்கியங்களை ஆயத்தமாக வைத்திருக்கின்றனர். ஒன்று, ‘இது என்னவென்றே புரியவில்லை’ என்பது. மற்றொன்று, ‘இதை எங்கள் வீட்டுக் குழந்தையும் கிறுக்கும்’ என்பது. முதல் வாக்கியத்தில் குற்றமில்லை. புரியாததைப் புரியவில்லை என்று சொல்வது நேர்மையே. இரண்டாவது வாக்கியமோ தீர்ப்பு; அதுவும், பாராமலே எழுதப்படும் தீர்ப்பு. அத்தீர்ப்பு யார்மீது விழுகிறது? கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் அரியாங்குப்பத்துப் பாரதியார் பல்கலைக்கூடத்திற்கோ, கும்பகோணத்துக் கவின்கலைக் கல்லூரிக்கோ சென்று பயின்று, உருவங்களைக் கடந்து நிறத்தையும் கோட்டையும் மட்டுமே நம்பி வரையத் துணியும் நம் பிள்ளைகள்மீது.

‘எப்படி வரைகிறாய்?’ என்று அவர்களிடம் கேட்டால், ‘முன்கூட்டியே எதையும் திட்டமிடுவதில்லை, முதலில் ஒரு நிறத்தைப் பூசுகிறேன், அடுத்தது என்ன என்பதை அந்த நிறமே சொல்கிறது, உள்ளுணர்வின் வழியே போகிறேன்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இதைக் கேட்டுச் சிரிப்பவர் பலர். ‘திட்டமில்லாத வேலை ஒரு வேலையா? உழைக்க மனமில்லாதவன் உள்ளுணர்வு என்கிறான்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகின்றனர். இந்தச் சிரிப்பு அறியாமையிலிருந்து பிறந்தது என்று நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம்.

சிதம்பரத்தையே சான்றுக்கு அழைப்போம். அங்கே தேர்த் திருவிழாவில் நாகசுரக் கலைஞர் மல்லாரி வாசிக்கிறார். மல்லாரிக்குச் சொற்கள் இல்லை. அது எந்தப் பொருளையும் படம்பிடித்துக் காட்டுவதில்லை. ஆயினும் வீதியில் நிற்கும் எவரும், ‘இதற்கு என்ன பொருள்?’ என்று கேட்பதில்லை. 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசை அரங்கில் ஒருவர் இராக ஆலாபனை செய்யும்போது, ‘திட்டமிடாமல் பாடுகிறாரே, சோம்பேறி’ என்று எவரும் எழுந்து போவதில்லை. அதனை மனோதர்மம் என்று போற்றுகிறோம், தலையசைக்கிறோம். அதே ஊரின் கோயிலில் திரை விலகும்போது காட்சி தருவது உருவமன்று. பொன் வில்வ மாலைகள் தொங்கும் வெறும் வெளி. உருவமில்லாததன்முன் நிற்கத் தெரிந்த மண் இது. செவிக்கு நாம் வழங்கிய உரிமையைக் கண்ணுக்கு மட்டும் மறுப்பது எந்த நியாயம்?

‘தமிழிசை இயக்கமே பொருள் புரிய வேண்டும் என்றுதானே 1940-களில் இங்கே முழங்கியது?’ என்று ஒருவர் வினவலாம். உண்மைதான். பாடலில் சொல் இருக்குமாயின் அச்சொல் கேட்பவனுக்குப் புரிய வேண்டும் என்றே அவ்வியக்கம் கேட்டது. ஆலாபனையை நிறுத்திவிடுங்கள் என்று அது கேட்கவில்லை.

மனோதர்மம் யாருக்கு வாய்க்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சரளி வரிசையையும் அலங்காரத்தையும் ஆண்டுக்கணக்கில் பாடிப் பழகிய தொண்டைக்கே அது வாய்க்கிறது. ஓவியமும் அவ்வாறே. தமிழ்நாடு நன்கறிந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) நிறங்களின் அரூப வெளிக்குச் சென்றது, காந்தியடிகளின் உருவத்தைக் கறுப்பு வெள்ளைக் கோடுகளில் மீண்டும் மீண்டும் வரைந்து கை முதிர்ந்த பின்னரே. சென்னையில் வாழ்ந்து 2022-இல் மறைந்த அச்சுதன் கூடல்லூர் பொறியியல் பயின்று அரசுப் பணியில் இருந்தவர். முறையான ஓவியக் கல்லூரிப் படிப்பு அவருக்கு இல்லை. பணி முடிந்த வேளைகளில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரைந்து பழகியவர். முதலில் உருவங்களை வரைந்து, பின்னரே அரூபத்திற்கு வந்தவர். 1988-இல் லலித் கலா அகாதெமியின் தேசிய விருது அவரைத் தேடி வந்தது. இவர்களுடைய உள்ளுணர்வு உழைப்புக்கு மாற்றாக வந்ததன்று. உழைப்பின் விளைச்சலாக வந்தது.

திட்டமின்றித் தொடங்கும் ஓவியத்தில் முடிவுகள் குறைவு என்று நினைப்பதும் பிழை. உருவம் வரைபவருக்கு மூக்கு எங்கே வர வேண்டும் என்பதை முகமே சொல்லிவிடும். அரூப ஓவியருக்கு அந்த உதவி இல்லை. இந்தச் சிவப்பு போதுமா, அந்த நீலம் அதனை அமுக்கிவிடுகிறதா, பூசியதைக் கத்தியால் சுரண்டிவிடலாமா, எண்ணெய் வண்ணம் உலரும்வரை சில நாள் காத்திருக்கலாமா, எங்கே நிறுத்துவது? ஒவ்வொன்றையும் அவரே முடிவு செய்ய வேண்டும். குழந்தையின் கிறுக்கலில் மகிழ்ச்சி உண்டு. ஆனால் பிடிக்காததை அழித்துவிட்டு நாளை மீண்டும் வந்து நிற்கும் பொறுப்பு இல்லை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

இளம் ஓவியர்களுக்கும் ஒரு சொல். உள்ளுணர்வு என்பது கேள்விகளைத் தடுக்கும் கேடயமன்று. ஓர் ஆண்டு பழகாத கை, ‘அப்படித்தான் வந்தது’ என்று சொன்னால் அது சாக்கு. பார்ப்பவன் பணிந்துபோகட்டும் என்று படத்தின்கீழ் கடுந்தத்துவம் எழுதி ஒட்டுவதும் வேண்டா. அது நம் ஏளனத்திற்கு நீங்களே தேடித் தரும் காரணம்.

திருச்சபையின் மக்களாகிய நமக்கு இதில் தனிக் கடமையும் உண்டு. எந்த ஒரு கலைப் பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று, 1963-இல் வெளியான திருவழிபாடு பற்றிய ஏட்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. அதற்கும் முன்பே பிரான்சு நாட்டில் லே பிரேசூ என்னும் சிற்றூரின் பங்குக் கோயிலுக்கு, 1948 முதல் 1950 வரை, ஆல்ஃபிரட் மனேசியே உருவமற்ற வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அமைத்துத் தந்தார். அதனைத் துணிந்து ஏற்றது ஒரு நாட்டுப்புறப் பங்கு. நம் பங்குகளிலோ, திருவிழா வந்தால் ஃபிளெக்ஸ் பதாகைக்குப் பணம் இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை தீட்டிய ஒரு படத்திற்குச் சுவரில் ஆணி அடிக்க மனம் இல்லை. பள்ளிப் போட்டிகளிலும், அச்சுப்படத்தைப் பிசகாமல் பார்த்து வரைந்த மாணவிக்கே முதல் பரிசு. தன் கையை நம்பி வரைந்தவள் வெறுங்கையோடு வீடு திரும்புகிறாள். சில ஆண்டுகளில் தூரிகையை வைத்தும் விடுகிறாள். இழப்பு அவளுக்கு மட்டுமா?

நாம் கேட்பது பெரிதன்று. பங்கு மண்டபத்தில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு சுவரை இளம் ஓவியர்களுக்குக் கொடுங்கள். அவர்களிடம் பணி கேட்டால் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள். படத்தின்முன் பத்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். நிறம் எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று கண்ணால் தொடருங்கள். அதன்பின்னும் பிடிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்று தாராளமாகச் சொல்லுங்கள். பார்த்துவிட்டுச் சொன்ன மறுப்பு எந்த ஓவியரையும் அழித்ததில்லை.