சுட்டவன் மட்டுமா கொலைகாரன்?



1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். ஹாலந்து நாட்டின் ஆமர்ஸ்போர்ட் சிறைமுகாம். ஹிட்லரின் படை அந்நாட்டைப் பிடித்து இன்னும் ஈராண்டு நிறையவில்லை. துப்பாக்கி ஏந்திய ஜெர்மானியச் சிப்பாய்கள் ஒருபுறம். மரண தண்டனை பெற்ற தோழர்கள் சிலர் மறுபுறம். அவர்களுக்குத் தலைவர் ஹென்க் ஸ்நேவ்லீட். இன்னும் ஒரு திங்கள் உயிரோடிருந்தால் அவருக்கு 59 வயது நிறைந்திருக்கும். சர்வதேசிய கீதத்தைப் பாடியவண்ணம் அவர்கள் சாவை நோக்கிச் சென்றனர். வேட்டு முழங்கிற்று, பாட்டு நின்றது.

சுட்டவர் நாஜிகள். இதில் ஐயமில்லை. ஆனால், அதோடு கணக்கை மூடிவிடலாமா? 'அந்நியப் படை கொன்ற நாட்டுப்பற்றாளர்' என்று ஒரு மாலையைச் சூட்டி அனுப்பிவிடலாமா? அப்படி அனுப்பிவிட்டால், அந்த மனிதரை அதற்கு முன்னரே கால் நூற்றாண்டு காலம் விரட்டி விரட்டி வேட்டையாடியவர் யார் என்னும் கேள்வி எழாமலே போய்விடும். அந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1883இல் ரோட்டர்டாம் நகரில், சுருட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் ஸ்நேவ்லீட். பள்ளி முடித்ததும் ரயில்வேயில் வேலை. அங்கே தொழிற்சங்கம், சங்கத்தின் வழியே சோஷலிசம். 1907இல் ஸ்வோல்லே நகரசபைக்குச் சென்ற முதல் சோஷல் டெமாக்ரட் உறுப்பினர் அவரே. 1911இல் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களோடு நின்றாக வேண்டும் என்றார் ஸ்நேவ்லீட். சொந்தச் சங்கமும் சொந்தக் கட்சியும் தயங்கின. பதவியா, கொள்கையா என்ற கேள்வி எழுந்தபோது பதவியை உதறினார்.

1913இல் பிழைப்புத் தேடி ஜாவாவுக்குக் கப்பலேறினார். அன்று அந்தத் தீவுகளுக்கு 'டச்சு இந்தியா' என்று பெயர். அங்கே போன வெள்ளையர் பலரும் கரும்பும் காப்பியும் ரப்பரும் தரும் செல்வத்தில் பங்கு கேட்டே போயினர். ஸ்நேவ்லீட் கண்டது வேறு. ஒரே ரயிலை ஓட்டுபவருக்குள் வெள்ளையனுக்கொரு கூலி, ஜாவாக்காரனுக்கொரு கூலி! 1914இல் தோழர்கள் சிலரைச் சேர்த்துச் சோஷல் டெமாக்ரடிக் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். செமாராங் நகரின் ரயில் தொழிலாளர் சங்கத்தை ஜாவாத் தொழிலாளரின் போர்க்கருவியாக மாற்றினார். பதினாறு வயதுப் பையனாக வந்த செமாவுன் அந்தப் பாசறையிலே வளர்ந்தவர். 1920இல் இந்தோனேசியக் கம்யூனிஸ்டுக் கட்சி உருவெடுத்தபோது அதன் முதல் தலைவரானவர் அந்தச் செமாவுனே!

1917 மார்ச்சில் ருஷ்யாவில் ஜார் மன்னன் வீழ்ந்தான். 'வெற்றி' என்று தலைப்பிட்டு எழுதினார் ஸ்நேவ்லீட். ருஷ்யாவில் விடிந்த பொழுது ஜாவாவிலும் விடியும் என்பதே அதன் உட்பொருள். பாய்ந்தது வழக்கு. கூண்டில் நின்று மணிக்கணக்கில் வாதாடினார். காலனி ஆட்சியையே குற்றவாளியாக்கிப் பேசினார். நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. செய்தென்ன? விசாரணை ஏதுமின்றி எவரையும் நாடு கடத்தும் அதிகாரம் கவர்னர் ஜெனரலின் கையில் இருந்தது. 1918 டிசம்பரில், சிப்பாய்களிடையேயும் மாலுமிகளிடையேயும் கிளர்ச்சி மூண்ட வேளையில், அவரை வெளியேற்றினர்.

எண்ணிப் பாருங்கள்! இது நாஜிகளின் செயலா? ஹிட்லர் என்ற பெயரையே உலகம் அறியாத காலம் அது. சட்டத்தின் ஆட்சி நடத்துவதாகப் பறைசாற்றிக்கொண்ட ஹாலந்து அரசு செய்த காரியம்.

துரத்தப்பட்டவர் துவண்டாரில்லை. 1920இல் மாஸ்கோவில் கம்யூனிஸ்டு அகிலத்தின் இரண்டாம் மாநாட்டில், 'மாரிங்' என்ற புனைபெயரோடு, காலனி நாடுகள் பற்றிய குழுவின் செயலாளராக இருந்தார். லெனினும் நம் நாட்டு எம். என். ராயும் விவாதித்த குழு அது. 1921 ஜூலையில் ஷாங்காயில் சீனக் கம்யூனிஸ்டுக் கட்சியின் முதல் மாநாடு கூடியபோது அகிலத்தின் பிரதிநிதியாக அங்கிருந்தார். கூட்டத்துக்குள் அறியாத ஒருவன் எட்டிப் பார்த்துச் சென்றதும், உடனே கலைந்து செல்லுமாறு எச்சரித்தவர் அவர்தான். சிறிது நேரத்தில் போலீஸ் நுழைந்தபோது பறவைகள் பறந்துவிட்டிருந்தன.

நாடு திரும்பிய பின்னும் அமைதியில்லை. 1927இல் கம்யூனிஸ்டுக் கட்சியிலிருந்து விலகினார். 1929இல் புரட்சி சோஷலிஸ்டுக் கட்சியைக் கண்டார். ஸ்டாலினை எதிர்த்தார், ட்ரொட்ஸ்கியோடு சேர்ந்தார், பின்னர் அவரையும் பிரிந்தார். அவர் எடுத்த முடிவுகளெல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால், கருத்து வேறுபட்ட தோழனைத் துரோகி என்று ஏசி, அவன் செய்த பணியையும் சேர்த்துப் புதைக்கும் வழக்கம் நம்மவரிடையேயும் இருந்தது. அதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டால்தான் மாற்றாரை நோக்கி நீட்டும் விரலுக்கு மதிப்புண்டு.

1933 பிப்ரவரி. கூலிவெட்டை எதிர்த்து, 'ஏழு மாகாணங்கள்' என்ற டச்சுப் போர்க்கப்பலின் மாலுமிகள் சுமத்திரா அருகே கப்பலைக் கைப்பற்றினர். இந்தோனேசிய மாலுமியும் ஐரோப்பிய மாலுமியும் ஒன்றாய் நின்றனர்! ஆண்டவர்களைத் திகிலடையச் செய்தது அந்த ஒற்றுமைதான். விமானத்திலிருந்து குண்டு வீசினர். 23 மாலுமிகள் மாண்டனர். அவர்களுக்காகக் குரல் கொடுத்த ஸ்நேவ்லீட்டுக்கு ஐந்து மாதச் சிறை. தொழிலாளர் என்ன செய்தனர்? சிறையில் இருந்தவரையே ஏப்ரல் தேர்தலில் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தனர்!

1940 மே மாதம் ஹிட்லரின் படை புகுந்தது. ஸ்நேவ்லீட் தலைமறைவானார். மார்க்ஸ்–லெனின்–லக்ஸம்பர்க் முன்னணி என்ற இரகசிய அமைப்பைக் கட்டினார். 'ஸ்பார்ட்டகஸ்' என்ற இரகசிய ஏட்டை நடத்தினார். 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் 400க்கும் மேற்பட்ட யூத இளைஞரை நாஜிகள் வாரிக்கொண்டு போனபோது, நகரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அந்தப் போராட்டத்தின் பக்கம் முன்னணியும் நின்றது. 1942 மார்ச்சில் ஸ்நேவ்லீட் பிடிபட்டார். ஏப்ரலில் கொல்லப்பட்டார்.

'விசாரணை நடந்தது, தீர்ப்பு வந்தது; அதைக் கொலை என்பதா?' என்று கேட்பார் உண்டு. பிறர் வீட்டில் புகுந்தவன், அந்த வீட்டுக்காரனையே நிறுத்தி விசாரிக்க உரிமை எங்கிருந்து வந்தது? கறுப்பு அங்கி அணிந்துவிட்டால் கொலை, தண்டனை ஆகிவிடுமா?

'நாஜிகளையும் டச்சு ஆட்சியாளரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா?' என்று கேட்பாரும் உண்டு. நியாயமான கேள்வி. ஹாலந்திலிருந்து மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதரைக் கொண்டுபோய்க் கொன்ற கொடுமைக்கு ஈடு வேறில்லை. ஜாவாவை விட்டுத் துரத்தியதும் நெஞ்சிலே சுட்டதும் ஒன்றல்ல. ஆனால் இருவரும் அவர்மேல் சாட்டிய குற்றம் ஒன்றே: எங்கள் பிடியில் இருக்கும் மக்களை ஏன் எழுப்புகிறாய் என்பதுதான் அது!

இதற்குச் சான்று வேண்டுமா? அவர் மாண்ட பிறகு நடந்ததைக் காணுங்கள். 1945 மே மாதம் ஹாலந்து விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 17இல் இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. ஐந்தாண்டு அடிமைத்தளையின் வலியை அனுபவித்த நாடு, அடுத்தவன் கைவிலங்கைக் கழற்றியிருக்க வேண்டாமா? கழற்றவில்லை! ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைக் கப்பலேற்றி அனுப்பியது. நடத்திய போருக்குப் 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் சூட்டியது. போக மறுத்த டச்சு இளைஞரைச் சிறையில் தள்ளியது. 1947 டிசம்பர் 9இல் ராவாகெடே கிராமத்தில் ஆண்களை நிறுத்திச் சுட்டனர். நாஜிகளின் துப்பாக்கிமுனையிலிருந்து மீண்டு மூன்றாண்டுகூட ஆகாத நாட்டின் சிப்பாய்கள்!

1949 டிசம்பரில்தான் ஆட்சியுரிமையை ஒப்படைத்தனர். ராவாகெடே விதவைகளுக்கு ஹேக் நீதிமன்றத்தின் நீதி கிடைத்தது 2011இல். அந்தப் போரில் நடந்த அளவிறந்த வன்முறைக்காக மன்னர் மன்னிப்புக் கேட்டது 2020இல். 1945 ஆகஸ்டு 17தான் இந்தோனேசியாவின் விடுதலை நாள் என்பதை முழுமையாக ஏற்பதாக ஹாலந்துப் பிரதமர் சொன்னது 2023இல். எழுபத்தெட்டு ஆண்டுகள்! ஸ்நேவ்லீட் அந்தத் தீவுகளின் விடுதலைக்குக் குரல் கொடுத்ததோ முதல் உலகப்போர்க் காலத்திலே!

'டச்சுக்காரர் ஒருவரின் கதை நமக்கெதற்கு?' என்பீரானால், தோழர்களே, நமக்கே அது தேவை. அந்நியன் நம்மை மிதிக்கும்போது குமுறுவது எளிது; அதற்குக் கட்சியும் வேண்டாம், கல்வியும் வேண்டாம். நம் இனத்தான், நம் மொழியான், நம் கட்சிக்காரன் பிறரை மிதிக்கும்போது அவன் காலைப் பிடித்து இழுக்கிறோமா? அதுவே சோதனை. தன் நாட்டு மாலுமியின் கூலிக்கும் ஜாவாக்காரனின் விடுதலைக்கும் யூதனின் உயிருக்கும் ஒரே குரலில் பேசினார் ஸ்நேவ்லீட். அதனால்தான் சொந்த அரசும் அவரைச் சிறையிலிட்டது. அந்நிய அரசும் அவரைச் சுட்டது.

நாஜிகள் அவர் உடலைக் கொன்றனர். அவர் கேட்ட விடுதலையை, கேட்ட அன்றே கழுத்தை நெரிக்க முயன்றவர் வேறு. அடுத்த கிளைக் கூட்டத்தில் விடுதலை பற்றிப் பேச எழும் தோழர், யாருடைய விடுதலையைப் பேசாமல் விடுகிறோம் என்றும் ஒருமுறை எண்ணிப் பார்த்துப் பேசுக!