100ல வயசைக் கழிக்காதீங்க சாமி!

போன வாரம் ஆபீஸ் கேண்டீன்ல ஒரு தம்பி எனக்குப் பாடம் எடுத்தார். "அண்ணே, உங்களுக்கு 54 ஆச்சா? 100ல கழிங்க. 46. அவ்வளவு சதவீதம் ஷேர்ல, மிச்சம் எஃப்டியில. ரிடையர்மெண்ட் பிளான் ஓவர்!" டீ ஆறுறதுக்குள்ள என் எதிர்காலத்தை முடிச்சுட்டார். கூட இருந்தவங்களும் தலையை ஆட்டினாங்க. அங்கேயே சண்டை போட்டிருக்கணும், வாய் வரல. அதான் இங்கே கொட்டறேன்.

இதைவிடச் சோம்பேறித்தனமான சூத்திரத்தை நான் பார்த்ததில்லை. 60 வயசுல ரெண்டு பேர் ரிடையர் ஆகறாங்க. ஒருத்தர் 2004க்கு முன்னாடியே மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர். மாசம் பொறந்தா பென்ஷன், அதுக்கு மேல பஞ்சப்படி. இன்னொருத்தர் தனியார் கம்பெனி. பி.எஃப். பென்ஷன்னு சில ஆயிரம் வரும். விலைவாசி ஏறினா அது ஏறாது. ரெண்டு பேருக்கும் சூத்திரம் சொல்றது அதே 40 சதவீதம்! முதலாமவர் சேமிப்பு பாதியாப் போனாலும் அடுத்த மாசம் அரிசி வாங்கிடுவார். ரெண்டாமவர்?

என் சித்தப்பாதான் அந்த ரெண்டாமவர். 2007 கடைசியில் ரிடையர். "சார், ரிஸ்க் எடுக்கத் தைரியம் இருக்கா?"ன்னு ஏஜெண்ட் கேட்டார். சித்தப்பா மீசையை முறுக்கினார். பி.எஃப். பணத்துல பெரும்பகுதி ஷேர் ஃபண்டுக்குப் போச்சு. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தாண்டியது. அக்டோபரில் 9,000க்குக் கீழே. அந்த நேரம் பார்த்துப் பொண்ணுக்குக் கல்யாணம். வித்தார். 2010 நவம்பர்ல சந்தை பழைய உயரத்துக்கு வந்துடுச்சு. சித்தப்பா பணம் வரல. அதுதான் மண்டபக்காரர்கிட்டயும் நகைக்கடையிலயும் போயிடுச்சே! அவருக்குத் தைரியம் குறைச்சல் இல்லை. கல்யாணத் தேதியை யாரும் கேட்கல, அவ்வளவுதான்.

சின்னக் கணக்கு. 40 லட்சம் இருக்கு, வருஷம் 3 லட்சம் எடுத்துச் சாப்பிடறீங்க. சந்தை பாதியாச்சுன்னா 20. செலவுக்கு எடுத்தா மிச்சம் 17. அப்புறம் சந்தை ரெட்டிப்பானாலும் 34தான். சந்தை எழுந்திருச்சாலும் நீங்க எழுந்திருக்க மாட்டீங்க. "எப்படியும் திரும்ப வந்துடும்ணே"ங்கறவங்களுக்கு: ஜப்பானோட நிக்கேய் 1989 உச்சத்தை மறுபடி தாண்டினது 2024ல!

"அப்ப எல்லாத்தையும் எஃப்டியில போட்டுடலாமா?"ன்னு கேட்டா, அதுவும் ரிஸ்க்தான் ஐயா. 1999ல பி.பி.எஃப்.புக்கே 12 சதவீதம்; 2003ல 8. எங்க அத்தை மொத்தத்தையும் வட்டியில விட்டு வாழ்ந்தவங்க. ஒவ்வொரு தடவை ரெனியூ பண்ணும்போதும் மாச வட்டி இளைச்சுக்கிட்டே வந்தது, மருந்து பில் கொழுத்துக்கிட்டே போச்சு. விலைவாசி வருஷம் 6 சதவீதம் ஏறினா 60 வயசுல 30,000 ஆகிற குடும்பச் செலவு 72ல 60,000. ஷேரே வேண்டாம்னு பயந்த அத்தையும் கடைசியில கடன் கேட்கற நிலைமைக்குத்தான் வந்தாங்க.

ஆக, கேட்க வேண்டியது வயசையும் இல்லை, மீசையையும் இல்லை. எந்தப் பணம் எப்போ வேணும்? நான் போட்ட கணக்கு இது: மாசச் செலவுல நிச்சயமா வர்ற பென்ஷன், வாடகையைக் கழிச்சேன். மிச்சம்தான் ஓட்டை. ஏழு வருஷ ஓட்டைக்கான பணம், கூடவே தெரிஞ்ச பெரிய செலவுகள், எல்லாம் பி.எஃப்., எஃப்டி, 60க்கு மேல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் திட்டம்னு பத்திரமா இருக்கணும். அதுக்கு மேல இருக்கறது மட்டும் ஷேர்ல. சந்தை நல்லா இருக்கற வருஷம் அதுல கொஞ்சம் வித்து, பத்திரப் பானையை நிரப்பிக்கணும்.

எனக்கு வந்த விடை 30 சதவீதம். தம்பி சொன்னது 46. நடுவுல இருக்கிற அந்த 16ல என் பையனோட காலேஜ் ஃபீஸ் இருக்கு. உங்களுக்கு 10 வரலாம், 70ம் வரலாம். ஆனா விடை உங்க வீட்டு மளிகை நோட்டுல இருந்து வரணும், பர்த் சர்டிபிகேட்ல இருந்து இல்லை.

டிஸ்கி: நான் நிதி நிபுணன் இல்லை. ஏழு வருஷம் ஏன், அஞ்சு போதாதான்னு சண்டை போடறவங்க தாராளமா பின்னூட்டத்துக்கு வாங்க. ஆனா உங்க ஓட்டை எவ்வளவுன்னு கணக்குப் போட்டுட்டு வாங்க :-)