சோப்பு வைத்தால் போதுமா?

ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். இப்போது அந்தப் பக்கத்தில் கார்கள் பிறக்கின்றன! 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு ஒரகடம் வரை தொழிற்சாலைகள் வந்துவிட்டன.

கார் பளபளக்கிறது. அதைச் செய்கிற கை?

விரல் மடிப்பில் வெடிப்பு. புறங்கையில் சாம்பல் பூத்தது போல வறட்சி. குழம்புச் சோற்றைப் பிசைந்தால் எரிச்சல்!

"தோல் வறட்சியா? அது சீமாட்டிகளின் கவலை" என்று சிரிப்பவர்கள் உண்டு. எரிகிற கையால் ஸ்பானர் பிடிப்பது எப்படி? வெடிப்பில் கிருமி புகுந்தால் கை வீங்கும். நாள் கூலிக்காரர் வீட்டில் படுத்தால், அன்றைய கூலி போச்சு!

பசை போவது எப்படி?

தோலின் மேல் இயற்கையான எண்ணெய்ப் பசை உண்டு. உள்ளே உள்ள ஈரத்தை அது காக்கிறது. இயந்திரத்தில் ஊற்றும் கூலண்டும், பெயிண்டில் கலக்கும் தின்னரும் அதைப் போக்கிவிடும். மிச்சம் இருப்பதையும், கிரீஸ் போகவேண்டும் என்று துணி சோப்புத் தூளால் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள்! மின்னணுச் சாமான் பூட்டும் பெண்களுக்கோ, துடைக்கிற ஸ்பிரிட்டும் கையுறைக்குள் ஊறும் வியர்வையும் தொல்லை.

எல்லோரும் கையுறை போடலாமே? கூடாது. சுழலும் டிரில்லில் கையுறை சிக்கினால் விரலையும் இழுத்துவிடும்!

ஆகவே பூச்சு வேண்டும். விலை உயர்ந்தது வேண்டாம். தேங்காய் எண்ணெய் போதும். பிலிப்பைன்ஸ் நாட்டில் தோல் வறட்சி உள்ள 34 பேரிடம் சோதித்து, அது பலன் தருகிறது என்று 2004-இல் எழுதினார்கள்.

வாசலினும் நல்லது. அமெரிக்க எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள், கம்பியில் படிந்த மெழுகைக் காயத்தில் பூசிக்கொண்டார்கள். செஸ்பரோ என்பவர் அதைப் பார்த்தார். அந்த மெழுகைச் சுத்தம் செய்து, 1872-இல் காப்புரிமை பெற்றார். வாசலின், பாட்டாளி கண்ட மருந்து!

கையைக் கழுவியதும் ஒற்றித் துடைத்து, ஈரம் முழுவதும் காயும் முன் பூசவேண்டும். வெந்நீர் ஆகாது. இரவில் தடவிப் பருத்தி உறை போட்டுக்கொண்டால் வெடிப்பு சீக்கிரம் ஆறும்.

முதலாளி செய்ய வேண்டியது

பெயிண்ட் பகுதியில் எண்ணெய்க் கை பட்டால் வண்ணம் கெடும். தொழிலாளி தன் இஷ்டத்துக்கு எதையும் பூச முடியாது. வேலைக்கு ஏற்ற களிம்பைத் தேர்ந்து, சோப்புக்குப் பக்கத்தில் நிர்வாகமே வைக்கவேண்டும். ஒரு டப்பா களிம்பு என்ன விலை? ஒரு கதவுக்குப் பூசும் பெயிண்டு விலை கூட இருக்காது!

ரசாயனத்தாலும் பெயிண்டாலும் வரும் தோல் அழற்சியைத் தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு.

விடுமுறையில் ஆறுகிறது, வேலைக்குப் போனதும் மறுபடி வெடிக்கிறது. இப்படி இருந்தால் வேலையே காரணமாக இருக்கலாம். இ.எஸ்.ஐ. டாக்டரிடம் கையை மட்டும் காட்டினால் போதாது. தின்னரா, கூலண்டா, பசையா, எதைத் தொட்டு வேலை செய்கிறோம் என்பதையும் சொல்லவேண்டும்.