நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்றவர்கள்



"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?"

கடலூரில் பஸ் ஏறி சிதம்பரத்தில் இறங்குவதற்குள் இதை ஒருத்தராவது சொல்லிவிடுவார். சொன்ன அதே வாய் அடுத்த நிமிஷம் பக்கத்து சீட்டுப் பையனிடம், "தம்பி எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்கும். அரசு ஆவணங்களில் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. நாக்கிலிருந்து அதை நீக்க எந்த அரசாணை வரும்?

2020 அக்டோபரில் வெளியான அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். புவனகிரி பக்கம் தெற்குத்திட்டை ஊராட்சி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியலினப் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். மற்றவர்கள் நாற்காலியில். கொடி ஏற்றவும் தன்னை விடவில்லை என்று அந்த அம்மா சொன்னார். படம் பரவிய பிறகுதான் துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு, ஊராட்சி செயலர் சஸ்பெண்ட். கூட்டம் நடந்ததோ ஜூலையில்!

துணைத் தலைவரைத் திட்டித் தீர்த்தோம், சரி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மற்றவர்களை யாராவது கேட்டோமா? அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, ஏசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். "வாங்கம்மா, இதுல உக்காருங்க" என்று எழுந்திருக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நோய் அங்கேதான் இருக்கிறது. கெட்டவன் ஒருத்தனை உள்ளே தள்ளிவிடலாம், சும்மா உட்கார்ந்திருக்கும் 'நல்லவர்களை' எந்தச் சட்டப்பிரிவில் போடுவது?

இந்தச் சும்மா இருத்தல் எதுவரை போகும் என்பதும் நம்ம மாவட்டத்துக்குத் தெரியும். விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டை, 2003 ஜூலை 8. பதிவுத் திருமணம் செய்துகொண்ட முருகேசனையும் கண்ணகியையும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். யாருக்கும் தெரியாமல் ராத்திரியில் நடந்த வேலையா அது? ஊர் பார்த்தது, போலீஸ் வழக்கையே திரித்தது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 18 வருஷம், 2021 செப்டம்பர் வரை ஆனது. குற்றவாளிகளில் 2 பேர் போலீஸ்காரர்கள். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். அதற்குள் அந்தப் பிள்ளைகள் இருந்திருந்தால் நடுத்தர வயசைத் தொட்டிருப்பார்கள்.

இதே மண்தான் எல்.இளையபெருமாளையும் கொடுத்தது. காட்டுமன்னார்கோவில் பள்ளியில் பட்டியலினப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைத்திருந்த தண்ணீர்ப் பானையைப் போட்டு உடைத்த பையன். பின்னாளில் அவர் தலைமையில் அமைந்த குழு, தீண்டாமை நாடு முழுக்க எப்படி இருக்கிறது என்று 1969-ல் அறிக்கை கொடுத்தது. சிதம்பரத்தில் அவருக்கு இப்போது நூற்றாண்டு நினைவு அரங்கம் இருக்கிறது. போய் மாலை போடுகிறோம், செல்ஃபி எடுக்கிறோம். பானையை மட்டும் உடைப்பதில்லை.

இனி எதிர்க்கட்சியை விடுங்கள், நம்ம ஆட்களிடம் வருவோம். கோபப்படாமல் படிங்க. மேடையில் சமத்துவம் பேசிவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் சாதி போடுகிற தோழர் நம்மிடம் இல்லையா? முகப்புப் படத்தில் தலைவர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் 'ஆண்ட பரம்பரை' என்று இருப்பவர் இல்லையா? கிளைச் செயலாளர் தேர்வு வந்தால், "அந்தத் தெருவுக்கு மெம்பர் கொடுத்துட்டோமே, செயலாளரும் அவங்களுக்கேவா?" என்று மெதுவாக ஆரம்பிக்கும் பெரியவர் இல்லையா? வேட்பாளரைத் தேடும்போது முதல் கேள்வியே "தொகுதியில எந்த ஓட்டு அதிகம்?" என்பதுதானே?

பதினெட்டு வயசுத் தம்பி கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வந்தால், "பசங்க விளையாட்டு" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தக் கயிறை அவன் எங்கிருந்து கற்றான்? வீட்டில் சாப்பிடும்போது நாம் பேசுகிற பேச்சிலிருந்துதான். 'நம்ம ஆளு', 'அவனுங்க' என்று நாம் பிரித்துப் பேசுவதை அவன் தட்டில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டே வளர்ந்திருக்கிறான்.

அடுத்த கிளைக் கூட்டம் எந்தத் தெருவில் நடக்கிறது, யார் நாற்காலியில், யார் வாசலில், டீ யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பார்த்ததை கமெண்டில் எழுதுங்கள். நம்ம கிளையாக இருந்தாலும் எழுதுங்கள், அழிக்க மாட்டோம்.