ஐ.எஸ்.எல். சீசன் ஏன் சுருங்கிப் போச்சு? சென்னையின் எஃப்.சி-க்கு என்ன சிக்கல்?

வழக்கமா செப்டம்பர்லயே களைகட்டும் ஐ.எஸ்.எல். கால்பந்து, இந்த சீசன் பிப்ரவரி 14, 2026-ல்தான் தொடங்கும் என மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா ஜனவரி 6-ம் தேதி அறிவித்தார். ஏன் இவ்வளவு தாமதம்?

எல்லாம் ஒரு ஒப்பந்தத்தால வந்த வினை. லீக்கை நடத்தும் உரிமைக்காக எஃப்.எஸ்.டி.எல். நிறுவனம் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் கொடுத்து வந்தது. 2010-ல் போட்ட அந்த 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ம் தேதியோடு முடிஞ்சது. அது புதுப்பிக்கப்படாததால் ஜூலையிலேயே சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. சம்மேளனத்தின் சட்டவிதி வழக்கு வேற உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. பிறகு டெண்டர் விட்டாங்க. நவம்பர் 7-ம் தேதி கெடு முடியும்போது ஒருத்தர்கூட கேட்கலை! நஷ்டத்துல ஓடுற லீக்கை யார் வாங்குவாங்க?

அடி விழுந்தது வீரர்கள் மேல. ஆகஸ்டிலேயே பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது. 2015, 2017-18 சாம்பியனான சென்னையின் எஃப்.சி-யும் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது.

இப்போ 14 அணிகள், மொத்தம் 91 ஆட்டம். ஒரு அணி இன்னொரு அணியோட ஒரே ஒரு தடவைதான் மோதும். அதாவது ஒவ்வொரு அணிக்கும் 13 ஆட்டம். போன சீசன்ல 24. சொந்த ஊர் ஆட்டமும் குறைவுதான், டிக்கெட் வருமானமும் அவ்வளவுதான்.

கூத்தாநல்லூர்ல இருந்து சென்னை சுமார் 300 கிலோமீட்டர். அங்கே சாயங்காலம் பந்து உதைக்கிற பையனுக்கு, ஐ.எஸ்.எல்-ல் இருக்கிற தமிழ்நாட்டு அணி இந்த ஒண்ணுதான்.