இருபத்தாறு நிமிஷப் படம்

சினிமா என்றால் மூன்று மணி நேரம், நடுவில் இடைவேளை, கையில் முறுக்குப் பொட்டலம் என்று பழகியவள் நான். காலேஜில் படிக்கும் என் மூத்த பெண், "அரை மணியில முடியற படம் ரெண்டு இருக்கும்மா, பாக்கலாமா?" என்றபோது, குக்கர் விசில் அடங்குவதற்குள் முடிந்துவிடுமே, இதெல்லாம் ஒரு படமா என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவள், பன்னிரண்டு வயசு சின்னவள், என் மாமியார், நான். ஆண்கள் யாரும் வீட்டில் இல்லை. அது அவள் போட்ட கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் படம் 'அனுஜா'. ஆடம் கிரேவ்ஸ் என்பவர் 2024-ல் எடுத்தது. டில்லியில் தையல் கம்பெனி ஒன்றில் வேலை செய்யும் அக்காவும் தங்கையும். பெற்றவர்கள் இல்லை. ஒன்பது வயசுத் தங்கை கணக்கில் புலி. நல்ல பள்ளிக்கூடத்தில் சேரப் பரீட்சை எழுத 400 ரூபாய் வேண்டும். துண்டுத் துணியில் பை தைத்து விற்று அந்தப் பணத்தைத் தேடுகிறார்கள். கம்பெனிக்காரரோ கணக்கு வேலை தருகிறேன், இங்கேயே இரு என்கிறார். தங்கை எதைத் தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லாமலே படம் முடிந்துவிடுகிறது. திருப்பூர்ப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு இது புதுசா என்ன? காலையில் தூக்குப்போசியோடு பனியன் கம்பெனி வேனுக்கு நிற்கும் பெண்களில் எத்தனை பேர் தங்கச்சிக்காக நிற்கிறார்களோ!

இரண்டாவது படம்தான் வீட்டைக் கலக்கியது. 'பீரியட். எண்ட் ஆஃப் சென்டன்ஸ்.' ரேய்கா ஸெதாப்சி என்ற பெண் இயக்கியது. 26 நிமிஷம். 2019 பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசு வாங்கியது. பீரியட் என்றால் முற்றுப்புள்ளி, மாதவிலக்கு, இரண்டும்தான். சென்டன்ஸ் என்றால் வாக்கியம், தண்டனை, இரண்டும்தான். இதை விளக்கும்போது மூத்தவள் பாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

படம் உத்தரப்பிரதேசத்தில் ஹாப்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நடக்கிறது. பேச்சு ஹிந்தி, அடியில் ஓடும் எழுத்து இங்கிலீஷ். மூத்தவள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மாதவிலக்கு என்றால் என்ன என்று கேட்டதும் பெண் பிள்ளைகள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். பையன்களில் ஒருவன், அது ஏதோ வியாதி என்கிறான். ஒரு கிழவி, அது கடவுளுக்குத்தான் தெரியும், கெட்ட ரத்தம் என்கிறாள். "சரியாத்தானே சொல்றா" என்றார் அத்தை. அடுத்து ஒரு இளம்பெண், நாம் கும்பிடுகிற அம்மனும் பெண்தானே, நம்மை ஏன் கோயிலுக்குள் விடுவதில்லை என்று கேட்டாள். அத்தை ஒன்றும் பேசவில்லை.

பிறகு அந்த ஊருக்கு நாப்கின் செய்யும் மெஷின் வருகிறது. அதைக் கண்டுபிடித்தவர் கோயமுத்தூர் அருணாசலம் முருகானந்தம் என்றதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊர்க்காரரா?" 1998-ல் புதுசாகக் கல்யாணமானவர், மனைவி அழுக்குத் துணியை ஒளித்து வைப்பதைப் பார்த்து ஆரம்பித்தவர். 2016-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண், குழந்தைகளுக்கு டயாப்பர் செய்கிறோம் என்று அப்பாவிடம் பொய் சொல்லியிருந்தாளாம்.

"நாம மட்டும் என்னவாம்?" என்று ஆரம்பித்தாள் மூத்தவள். "கடையில பேட் வாங்கினா பேப்பர்ல சுத்தி, கறுப்புக் கவர்ல போட்டுத் தர்றாங்க. ஆனா நான் உக்காந்தப்ப பஸ் ஸ்டாப்புல என் போட்டோவோட போர்டு வெச்சீங்க. இதுல எதும்மா ரகசியம்?"

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் மண்டபம் பிடித்து, தாய்மாமன் சீரோடு தெரட்டி செய்தோம். ஊரே மெச்சியது. அந்த போர்டுக்குக் கீழே நின்று கிளாஸ் பையன்கள் சிரித்ததும், ஒரு மாசம் இவள் அடுத்த ஸ்டாப்புக்கு நடந்து போய் பஸ் ஏறியதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதோடு, முதல் நாள் ரத்தத்தைப் பார்த்து ஏதோ பெரிய வியாதி, செத்துப் போகப் போகிறோம் என்று நினைத்தாளாம். நான் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி வைத்ததில்லை. என் அம்மாவும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் என்ன, நான் சொல்லியிருக்கலாம்.

"பாப்பாவுக்கு அது வேண்டாம்மா" என்றாள். சின்னவள் தலையணையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை சண்டைக்கு வருவார் என்று காத்திருந்தேன். அவரோ, "என்னைப் பச்சை ஓலைக் குடிசையில உக்கார வெச்சாங்க. வெளிய வந்தப்ப என் புஸ்தகப் பையைத் தங்கச்சி தோள்ல மாட்டிட்டுப் போயிட்டிருந்தா" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. காபி கேட்டார். ராத்திரி சாப்பிடும்போது மட்டும், "வீட்டு மட்டுக்குத் தண்ணி ஊத்தாம விட முடியாது, சொல்லிட்டேன்" என்றார். உளுந்தங்களியையும் நல்லெண்ணெயையும் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லையே!

மறுநாள் சின்னவளிடம் எல்லாம் சொன்னேன். நாலு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும் என்பது வரை. ஸ்கூல் பையில் இரண்டு வைத்தேன். "இது அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப ஏன் கவர்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சொந்தத்தில் அத்தனை பேருக்கும் மொய் வைத்திருக்கிறோம், அதெல்லாம் திரும்பி வர வேண்டாமா என்கிறார் என் வீட்டுக்காரர். அவர் சொல்வதும் நியாயம்தான், எல்லாம் பாடுபட்ட காசு. போன வாரம் என் தம்பி போன் பண்ணினான். "பாப்பாவுக்குச் சங்கிலி எடுத்து வெச்சாச்சுக்கா" என்றான்.

"சங்கிலியைப் போடு. மண்டபமும் போர்டும் வேண்டாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மச்சான் என்ன சொல்றாருங்க்கா?"

"மொய் நோட்டை எடுத்து வெச்சுக் கூட்டிட்டிருக்கார்" என்றேன்.